நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை, சட்டைப் பையில் இன்னொன்று

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை என்று எந்த டவுன் பாமசியாக இருந்தாலும் காட்சி ஒன்றுதான். ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் கண்ணாடி அலுமாரியில் இருக்கிற சவர்க்காரத்தையும் பவுடர் டின்னையும் பார்த்தபடி நிற்பார். பிள்ளைக்குப் பால்மா வாங்க வந்த பெண்கள் போய் முடியும் வரைக்கும் நிற்பார். பிறகு கவுண்டர் பக்கம் சாய்ந்து, “தம்பி, அந்தக் குளுசை ஒன்னு” என்பார். எந்தக் குளுசை என்று யாரும் கேட்பதில்லை; விறைப்புக் குறைவுக்குப் போடுகிற மாத்திரைதான் அது. அட்டையிலிருந்து ஒன்றோ இரண்டோ வெட்டி, சின்னக் கடதாசி உறையில் போட்டுக் கொடுப்பார்கள். எல்லாம் 20 செக்கனில் முடிந்துவிடும். வயது கேட்கப்படவில்லை, சீனி இருக்கிறதா, பிரஷர் இருக்கிறதா என்று கேட்கப்படவில்லை, கிளினிக்கில் என்ன மருந்து எடுக்கிறார் என்று கேட்கப்படவில்லை. மருத்துவர் எழுதிய துண்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து அது என்பது வாங்குகிறவருக்கும் தெரியாது; விற்கிறவருக்குத் தெரிந்தும் பயனில்லை.

இந்த 20 செக்கனைப் பற்றி எனக்கு ஓர் எண்ணம் உண்டு. எத்தனை விதமாக யோசித்தாலும் அது மாறுவதாக இல்லை. தோட்டத்து ஆண்கள் தாமாக நடந்து வந்து உடம்பைக் காட்டுகிற சந்தர்ப்பங்கள் மிகக் குறைவு. பெண்களை கர்ப்பகால கிளினிக்கும் பிள்ளைகளின் தடுப்பூசியும் சுகாதாரத் துறையோடு கட்டிவைக்கின்றன. ஆண் அப்படி இல்லை. பெரட்டுக்குப் போவார், மலைக்குப் போவார், டவுனில் கடையில் நிற்பார், திரீவீல் ஓட்டுவார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுகிற அன்றுதான் ஆஸ்பத்திரிக்கு வருவார். அப்படிப்பட்டவரைத் தன் காலில் நடக்கவைத்து மருந்துக் கடை வாசல் வரைக்கும் கூட்டிவருகிற ஒரே வருத்தம் இதுதான். அந்த மனிதர் கேட்டது ஒரு மாத்திரை. அவர் உடம்பு சொல்ல வந்தது வேறொரு செய்தி. மாத்திரையைக் கொடுத்து, செய்தியை வாங்காமல் அனுப்பிவிடுகிறோம்.

நரம்பு என்று சொல்லிச் சொல்லியே

நம் ஊரில் இதற்கு இருக்கிற பெயர்களே பாதி வழியை அடைத்துவிடுகின்றன. ‘நரம்புத் தளர்ச்சி’ என்று சுவரொட்டிகள் சொல்கின்றன. ‘ஆண்மைக் குறைவு’ என்று பத்திரிகை விளம்பரம் சொல்கிறது. அந்த ஒரே சொல்லுக்குள் நான்கு வேறு வேறு விஷயங்களைப் போட்டுக் கட்டியிருக்கிறார்கள்: விறைப்பு வராமை அல்லது வந்தது நிலைக்காமை, விந்து சீக்கிரம் வெளியேறுதல், ஆசையே குறைந்துபோதல், பிள்ளை இல்லாமை. நான்குக்கும் காரணம் வேறு, மருந்து வேறு. பிள்ளை இல்லாத ஒருவருக்கு விறைப்பு முற்றிலும் சரியாக இருக்கலாம். விறைப்பு இல்லாத ஒருவருக்கு ஐந்து பிள்ளைகள் இருக்கலாம். குடும்பக் கட்டுப்பாட்டுக்காக விந்துக் குழாயை வெட்டிக் கட்டுகிற சிறு அறுவைச் சிகிச்சைக்கும் விறைப்புக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனாலும் அந்தப் பயத்தாலேயே கணவன் ஒதுங்கிக்கொள்ள, மனைவி ஒப்பரேஷனுக்குப் போகிறாள். இளவயதில் கைப்பழக்கம் இருந்ததால் ‘தாது’ போய்விட்டது என்று நாற்பது வயதில் குற்றவுணர்வோடு இருக்கிறவர்களுக்கும் இதையே சொல்ல வேண்டும்: அது இதற்குக் காரணமே அல்ல.

விறைப்பு என்பது முதலில் ஓர் இரத்தக் குழாய் விவகாரம். ஆண்குறிக்குள் பஞ்சு போன்ற இரண்டு நீளக் குழல்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஆசை எழும்போது நரம்பு முனைகளும் குழாயின் உட்சுவரும் நைட்ரிக் ஒக்சைட் என்ற வாயுவைச் சுரக்கின்றன. அது தசை செல்களுக்குள் சி.ஜி.எம்.பி. என்ற இரசாயனத்தைக் கூட்டுகிறது. தசை தளர்கிறது, நாடிகள் விரிகின்றன, பஞ்சுக்குள் இரத்தம் பாய்கிறது. பஞ்சு உப்பி, தன்னைச் சுற்றியிருக்கிற தடித்த உறையோடு அழுந்தும்போது, இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகிற நாளங்கள் நசுங்கி அடைபடுகின்றன. வருகிற வழி திறந்து, போகிற வழி அடைபட்ட நிலையே விறைப்பு. வேலை முடிந்ததும் பி.டி.இ.-5 என்ற நொதி அந்த சி.ஜி.எம்.பி.யை உடைத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. பாமசியில் கேட்கிற அந்தக் குளுசைகளான சில்டெனாஃபிலும் டடாலாஃபிலும் செய்வது இந்த நொதியைத் தடுப்பதை மட்டும்தான். தொடக்கத்தில் நைட்ரிக் ஒக்சைட் சுரக்காவிட்டால் தடுப்பதற்கு எதுவும் இல்லை. அதனால்தான் மாத்திரையைப் போட்டுவிட்டுக் கூரைத் தகரத்தைப் பார்த்துப் படுத்திருந்தால் ஒன்றும் நடக்காது.

இப்போது அளவைப் பாருங்கள். ஆண்குறிக்குப் போகிற நாடியின் அகலம் 1 முதல் 2 மில்லிமீற்றர். இதயத் தசைக்கு இரத்தம் கொடுக்கிற நாடி 3 முதல் 4 மில்லிமீற்றர். கொழுப்புப் படிவதும் உட்சுவர் கெடுவதும் உடம்பு முழுவதும் ஒரே காலத்தில்தான் நடக்கின்றன. ஆனால் அரை அங்குலக் குழாய் அடைபடும் முன்பே கால் அங்குலக் குழாயில் தண்ணீர் நின்றுவிடும் என்பது பீலியிலிருந்து லயத்துக்குத் தண்ணீர் இழுத்த எவருக்கும் தெரியும். மாரடைப்பு வருகிறவர்களில் பலருக்கு அதற்கு 2 முதல் 5 வருடங்கள் முன்பே விறைப்புக் குறைந்திருக்கிறது. நாற்பத்தெட்டு வயதில் பாமசி வாசலில் நிற்கிறவர், ஐம்பத்திரண்டில் டிக்கோயா ஆதார வைத்தியசாலையின் வாட்டில் படுத்திருக்கப் போகிறவராக இருக்கலாம். நான்கு வருடம் முன்கூட்டிக் கிடைத்த தந்தியை உறையோடு கிழித்துப் போட்டுவிடுகிறோம் என்று நான் சொல்வது இதனால்தான்.

எங்கிருந்து வருகிறது

முதல் காரணம் சீனி வியாதி. அது குழாயையும் கெடுக்கும், நரம்பையும் கெடுக்கும். இரண்டு பக்கமும் அடி. சீனி உள்ளவர்களுக்கு இந்தக் குறை மற்றவர்களைவிட 10 முதல் 15 வருடம் முன்னதாகவே வருகிறது. சிலருக்கு இது வந்த பிறகு பார்த்தால்தான் சீனி இருப்பதே தெரியும். இதில் ஒரு தலைகீழ்ப் புரிதல் நம்மிடையே ஆழமாக வேரோடியிருக்கிறது. “கிளினிக்கில சீனிக் குளுசை தொடங்கின பிறகுதான் இப்படி ஆச்சு” என்பார்கள். மெட்ஃபோர்மின் இதைச் செய்வதில்லை, இன்சுலினும் செய்வதில்லை. கட்டுப்படாத சீனி செய்கிறது. அந்தச் சந்தேகத்தில் மருந்தை நிறுத்துகிறவர், எதனால் பாதிக்கப்பட்டாரோ அதையே வளர்த்துவிடுகிறார்.

பிரஷர் மருந்துகள் விஷயத்தில் அந்தச் சந்தேகத்துக்குக் கொஞ்சம் நியாயம் உண்டு. பிரஷரே குழாயைக் கெடுக்கிறது என்றாலும், ஹைட்ரோகுளோரோதயசைட் போன்ற சிறுநீர் மாத்திரைகளும், அட்டெனலோல், புரொப்ரனலோல் போன்ற பீட்டா தடுப்பிகளும், ஸ்பைரனோலக்டோனும் சிலருக்கு விறைப்பைக் குறைக்கும். லொசார்ட்டனும் அம்லோடிபினும் பெரும்பாலும் தொந்தரவு தருவதில்லை. ஆகவே செய்ய வேண்டியது மாத்திரையைத் தேயிலைச் செடிக்குள் எறிவது அல்ல, மாற்றித் தரச் சொல்லிக் கேட்பது. அட்டெனலோலைத் திடீரென்று நிறுத்தினால் இதயம் எகிறித் துடித்து நெஞ்சுவலியே வரலாம். மனநோய்க்கும் மனச்சோர்வுக்கும் கொடுக்கிற ஃபுளூவொக்செட்டின், சேர்ட்ரலின், ரிஸ்பெரிடோன் முதலியவையும் இதே பட்டியலில் வரும். அவற்றையும் தானாக நிறுத்தக் கூடாது, எழுதிக் கொடுத்த டொக்டரிடம் சொல்ல வேண்டும். கிளினிக் வரிசையில் பின்னால் நிற்கிறவர்களுக்குக் கேட்கும் என்று வெட்கமாக இருந்தால், ஒரு துண்டுக் கடதாசியில் “இந்த மருந்து தொடங்கிய பிறகு தாம்பத்தியத்தில் குறை இருக்கிறது” என்று ஒரு வரி எழுதி கிளினிக் கொப்பிக்குள் வைத்து நீட்டினால் போதும். டொக்டருக்கு அந்த ஒரு வரி போதும்.

புகை, குடி. சிகரெட்டும் பீடியும் நாடியை அந்த நேரத்திலேயே சுருக்குகின்றன, வருடக்கணக்கில் உட்சுவரையும் கெடுக்கின்றன. வெற்றிலையோடு போடுகிற புகையிலையிலும் அதே நிக்கோட்டின்தான். சாராயமோ கசிப்போ முதலில் கூச்சத்தைக் குறைக்கும், கூடவே விறைப்பையும் குறைக்கும். நாள்பட்டால் ஈரலையும் நரம்பையும் கெடுத்து, ஆண் ஹோர்மோனையும் இறக்கிவிடும்.

மனக் காரணத்தைக் கடைசியில் சொல்வதால் அது சிறியது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கொழும்பில் கடையில் வேலை செய்துவிட்டு, தீபாவளிக்கு ஊருக்கு வந்து கல்யாணம் முடித்த இருபத்தாறு வயதுக்காரரை எடுத்துக்கொள்வோம். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பிரா. நடுவில் சேலைத் திரை. அந்தப் பக்கம் அம்மா, தம்பி, கல்யாணத்துக்கு வந்து தங்கிய மாமி. பக்கத்துக் காம்பிராவின் இருமல் இங்கே கேட்கிறது. பயத்தில் உடம்பு சுரக்கிற அட்ரினலின் நாடியைச் சுருக்கும். அது விறைப்புக்கு நேர் எதிரி. முதல் இரவு தவறினால் இரண்டாம் இரவு ‘இன்றைக்காவது’ என்ற பயம் சேர்ந்துகொள்ளும். இப்படிப்பட்டவருக்கு உடம்பில் குறை இல்லை என்பதற்கு எளிய அடையாளம் உண்டு. விடியற்காலையில் தானாக வருகிற விறைப்பு வழக்கம்போல இருக்கும். தனியாக இருக்கும்போது சிக்கல் இராது. குறை ஒரு குறிப்பிட்ட நாளில் திடீரென்று தொடங்கியிருக்கும். குழாய்க் கோளாறோ மாதங்களாக, வருடங்களாக மெல்ல மெல்ல வளரும். விடியற்காலை விறைப்பையும் சேர்த்துக் கொண்டுபோகும். இளைஞருக்கு வேண்டியது சில வாரங்கள் ‘முயற்சி’ என்பதையே விட்டுவிட்டு மனைவியோடு நெருங்கிப் பழகுகிற காலமும், நான்கு சுவர் உள்ள ஓர் இடமும். டொக்டர் தேவையென்று கண்டால் கொஞ்ச நாளைக்கு மட்டும் மாத்திரை தந்து நம்பிக்கையை மீட்டுக் கொடுப்பார். ஐம்பது வயதுக்காரரிடம் இரண்டும் கலந்தே இருக்கும்: குழாய் தொடங்கி வைத்ததைப் பயம் பெரிதாக்கியிருக்கும்.

மாத்திரைக்கு முன் பார்க்க வேண்டியவை

பெரிய செலவு எதுவும் இல்லை. பிரஷர் அளக்க வேண்டும். வெறும் வயிற்றில் இரத்தச் சீனி பார்க்க வேண்டும்: டெசிலீற்றருக்கு 126 மில்லிகிராமும் அதற்கு மேலும் என்றால் மறுபடி பார்த்து உறுதி செய்ய வேண்டும், மூன்று மாதச் சராசரியைக் காட்டுகிற எச்பிஏ1சி 6.5 வீதமும் அதற்கு மேலும் என்றாலும் அதே. கொலஸ்திரோல் பார்க்க வேண்டும். ஆசையும் சேர்ந்து குறைந்திருந்தால், முகமயிர் வளர்ச்சி குறைந்திருந்தால், டெஸ்டொஸ்டெரோன் பார்க்கலாம். அது விடியலில் உச்சத்திலும் மாலையில் தாழ்ந்தும் இருக்கிற ஹோர்மோன். ஆகவே காலை 11 மணிக்கு முன், வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்க வேண்டும். குறைவாக வந்தால் இன்னொரு நாள் மறுபடியும். மாலை நான்கு மணிக்கு எடுத்த ஒரே ஒரு சோதனையை வைத்து ஹோர்மோன் ஊசி போட்டுக்கொள்வது இரண்டு விதத்தில் தவறு. தேவையில்லாதவருக்கு அது விறைப்பைத் திருப்பித் தருவதில்லை. இன்னும் பிள்ளை வேண்டும் என்றிருப்பவருக்கு அது விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடும்.

இதயம் தாங்குமா என்று பார்க்க மலையக மக்களிடம் ஒரு சோதனைச் சாலை வாசலிலேயே இருக்கிறது. உடலுறவுக்கு வேண்டிய உழைப்பு, சமதரையில் ஒரு மைலை 20 நிமிடத்தில் நடப்பதற்குச் சமம், அல்லது இரண்டு மாடிப் படியை விறுவிறுவென்று ஏறுவதற்குச் சமம். பஸ் பாதையிலிருந்து மேல் லயத்துக்கு மூச்சுத் திணறாமல், நெஞ்சு இறுகாமல் ஏறிவிடுகிறவருக்குப் பொதுவாகப் பயமில்லை. முன்பு ஒரே மூச்சில் ஏறிய படிக்கட்டில் இப்போது நடுவில் நின்று கல்லில் உட்கார்ந்துவிட்டுப் போகிறார் என்றால், அவர் முதலில் போக வேண்டியது ஆஸ்பத்திரிக்கு. மாத்திரை பிறகு. கடந்த ஆறு மாதத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர், ஓய்விலும் நெஞ்சு வலிப்பவர், பிரஷர் 90க்கு 50ஐவிடக் கீழே இருப்பவர் ஆகியோருக்கும் இந்த மாத்திரைகள் கூடாது.

சரியான மாத்திரை, தவறான இரவு

“போட்டுப் பார்த்தேன், ஒன்னும் வேலை செய்யல” என்கிறவர்களில் நிறையப் பேருக்கு மருந்து தோற்கவில்லை. போட்ட விதம்தான் தோற்றது. சில்டெனாஃபில் 25, 50, 100 மில்லிகிராம் அளவுகளில் வருகிறது. வழக்கமான தொடக்கம் 50. வயது 65ஐத் தாண்டியவர், ஈரல் அல்லது சிறுநீரகம் பழுதானவர் 25இல் தொடங்க வேண்டும். உறவுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன், வெறும் வயிற்றில் அல்லது லேசான சாப்பாட்டுக்குப் பிறகு எடுக்க வேண்டும். பொரித்த இறைச்சியும் ரொட்டியும் வயிறு நிறையச் சாப்பிட்டு, மேலே கால் போத்தல் சாராயமும் குடித்துவிட்டு விழுங்கினால், மருந்து இரத்தத்தில் ஏறுவது ஒரு மணி நேரம் பிந்தும், ஏறுகிற அளவும் குறையும். அதற்குள் அவர் தூங்கியிருப்பார். வேலை செய்கிற நேரம் நான்கைந்து மணித்தியாலம். ஒரு நாளில் ஒரு தடவைக்கு மேல் கூடாது. முதலாவது சரிவரவில்லை என்று நள்ளிரவில் இரண்டாவதைப் போடுவது, பிரஷர் விழுவதற்கு நேரான பாதை.

டடாலாஃபில் வேறு விதம். தேவைப்படும்போது எடுப்பதற்கு 10 மில்லிகிராம், போதாவிட்டால் 20. அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கி 36 மணித்தியாலம் வரை பலன் இருக்கும். சாப்பாடு அதைப் பாதிக்காது. தினமும் ஒரே நேரத்தில் 5 மில்லிகிராம் எடுக்கிற முறையும் உண்டு. ஏறக்குறைய ஐந்து நாளில் இரத்தத்தில் அளவு சமப்படும். புரொஸ்டேட் வீங்கிச் சிறுநீர் சிரமப்படுகிறவருக்கு அதுவும் சேர்ந்து குறையும். லயத்தில் வாழ்கிறவருக்கு டடாலாஃபில்தான் பொருந்தும் என்பது என் கருத்து. பிள்ளைகள் எப்போது தூங்குவார்கள், மாமியார் எப்போது விளக்கை அணைப்பார் என்று யாருக்கும் தெரியாத வீட்டில், ஒரு மணி நேரக் கணக்கு வைத்து மாத்திரை விழுங்குவது பதற்றத்தைத்தான் கூட்டும். சனிக்கிழமை பின்னேரம் எடுத்தது ஞாயிறு இரவு வரைக்கும் துணை நிற்கும் என்றால் மனம் அடங்கும். எதிர்வாதமும் உண்டு. நீண்ட நேரம் உடம்பில் தங்குகிற மருந்து, ஆபத்து வந்தாலும் நீண்ட நேரம் தங்கும். அதைக் கீழே சொல்கிறேன்.

எந்த மாத்திரையானாலும் ஒரு தடவையில் தீர்ப்புச் சொல்லக் கூடாது. டொக்டர் சொன்ன உச்ச அளவில், சரியான முறையில், வெவ்வேறு நாட்களில் எட்டுத் தடவையாவது பார்த்த பிறகே ‘வேலை செய்யவில்லை’ என்று சொல்லலாம். சீனி கட்டுப்படாதவருக்குப் பலன் குறைவாக இருக்கும். சீனியைக் கொண்டுவந்தால் அதே மாத்திரை முன்பைவிட நன்றாக வேலை செய்யக்கூடும். தலைவலி, முகம் சிவந்து சூடாகுதல், மூக்கடைப்பு, நெஞ்செரிவு பொதுவானவை. சில்டெனாஃபில் கண்ணின் ஒரு நொதியையும் கொஞ்சம் தொடுவதால் சிலருக்குப் பொருட்கள் நீல நிறமாகத் தெரியும். டடாலாஃபிலில் இடுப்பு வலியும் உடம்பு உளைவும் வரலாம். ஒரு கண் பார்வையோ காது கேட்பதோ திடீரென்று போனால் மருந்தை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விறைப்பு நான்கு மணித்தியாலத்துக்கு மேல் இறங்காமல் வலித்தாலும் அப்படியே: தேங்கிய இரத்தத்தை ஊசியால் எடுக்க வேண்டியிருக்கும், விடியட்டும் என்று காத்திருந்தால் உள்ளே இருக்கிற பஞ்சு செத்து, விறைப்பு நிரந்தரமாகவே போய்விடும்.

மாத்திரை பலிக்காதவருக்குக் கதவு மூடிவிடவில்லை. வெற்றிடப் பம்பும் வளையமும் இருக்கின்றன, ஆண்குறியிலேயே போடுகிற அல்ப்ரொஸ்டடில் ஊசி இருக்கிறது, அறுவைச் சிகிச்சையில் வைக்கிற செயற்கைத் தண்டு இருக்கிறது. கண்டியிலோ பேராதனையிலோ சிறுநீரக-ஆண்குறி அறுவை வைத்தியரைக் காண ஒரு கடிதம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். லேகியத்தைப் பற்றி மட்டும் நிறுத்திச் சொல்ல வேண்டும். ‘மூலிகை’ என்று விற்கிற பொட்டலங்களைச் சோதித்தபோது உள்ளே சில்டெனாஃபில் பொடி கலந்திருந்தது உலகின் பல நாடுகளில் திரும்பத் திரும்பப் பிடிபட்டிருக்கிறது. ‘இங்கிலிஷ் மருந்து இல்லை, பயமில்லை’ என்று அதை விழுங்குகிறவர், எவ்வளவு என்று தெரியாத அளவில் அதே மருந்தைத்தான் விழுங்குகிறார். மதன மோதகம் என்ற லேகியத்தில் இருக்கிற கஞ்சா மயக்கம் தரும். குழாய் அடைப்பைத் திறக்காது.

நாக்குக்கு அடியில்

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே இனி வருவதுதான். சில்டெனாஃபிலை இங்கிலாந்தின் சேண்ட்விச் என்ற ஊரில் ஃபைசர் கம்பனி ஆய்வாளர்கள் உருவாக்கியது நெஞ்சுவலி மருந்தாக. 1990களின் தொடக்கத்தில் ஆண்களுக்குக் கொடுத்துச் சோதித்தபோது நெஞ்சுவலிக்குப் பெரிய பலன் இல்லை, ஆனால் விறைப்பு வருகிறது என்று தெரிந்தது. 1998 மார்ச் 27ஆம் திகதி அமெரிக்காவில் வயாகரா என்ற பெயரில் அனுமதி கிடைத்தது. அதே 1998இல், நைட்ரிக் ஒக்சைட் இரத்தக் குழாய்களில் செய்யும் வேலையைக் கண்டறிந்த ஃபர்ச்கொட், இக்னாரோ, முராட் மூவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. நெஞ்சுவலிக்காரர் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை, நைட்ரேட் என்ற வகையைச் சேர்ந்த நைட்ரோகிளிசரின். அது உடம்புக்குள் போய் நைட்ரிக் ஒக்சைட்டைத்தான் கொடுக்கிறது, சி.ஜி.எம்.பி.யைத்தான் கூட்டுகிறது. ஒரு மருந்து குழாய்த் தண்ணீரைத் திறந்துவிடுகிறது. இன்னொரு மருந்து வடிகாலை அடைக்கிறது. இரண்டும் ஒரே உடம்பில் சந்தித்தால் நாடிகள் எல்லாம் அளவுக்கு மீறி விரிந்து, சில நிமிடங்களில் பிரஷர் அதலபாதாளத்துக்கு விழும். மூளைக்கும் இதயத்துக்கும் போக வேண்டிய இரத்தம் போகாது.

இதில் கொடுமை, இந்த இரண்டு மாத்திரையும் வேண்டியவர் பெரும்பாலும் ஒரே மனிதர் என்பது. குழாய் கெட்டவருக்குத்தான் நெஞ்சு வலிக்கிறது, குழாய் கெட்டவருக்குத்தான் விறைப்பு வரவில்லை. நாக்கு மாத்திரையை அரசாங்க கிளினிக் கொடுக்கிறது. மற்றதை டவுன் பாமசி கொடுக்கிறது. ஒன்று சின்னப் போத்தலில் வீட்டு அலுமாரியில் இருக்கிறது, மற்றது கடதாசி உறையில் சட்டைப் பையில் இருக்கிறது. இரண்டையும் பற்றித் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவருக்கும் தெரியாதது, இரண்டும் சேரக் கூடாது என்பது. “நாக்குக் குளுசையை எப்பவாவதுதான் வைக்கிறேன்” என்பது பாதுகாப்பு அல்ல. எப்போதாவது பாவிக்கிறவருக்கும் இந்த மாத்திரைகள் கூடாது. காலையில் விழுங்குகிற ஐசோசோர்பைட் மாத்திரையும் நைட்ரேட்தான். கிளினிக் கொப்பியில் அது ஐ.எஸ்.எம்.என். அல்லது ஐ.எஸ்.டி.என். என்று நான்கு ஆங்கில எழுத்தில் இருக்கும். நாக்கு மாத்திரை ஜி.டி.என். என்றோ டி.என்.ஜி. என்றோ மூன்று எழுத்தில் இருக்கும். நெஞ்சுவலி மருந்தான நிக்கொராண்டிலும் அதே வகையில் சேரும். பிரஷருக்கோ சிறுநீர்ச் சிரமத்துக்கோ கொடுக்கிற பிரசோசின், டம்சுலோசின் எடுக்கிறவர் டொக்டர் சொல்லி, மிகக் குறைந்த அளவில்தான் தொடங்க வேண்டும். பூஞ்சண மருந்தான இட்ராகொனசோல், நுண்ணுயிர்க்கொல்லிகளான எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் ஆகியவை இம்மாத்திரைகள் உடம்பிலிருந்து வெளியேறுவதைத் தடுக்கும். அந்த நாட்களில் ஐம்பது நூறாக வேலை செய்யும்.

எதிர்ப்பக்கமும் நடக்கலாம். இதுவரை இதய நோயே இல்லாதவர் மாத்திரை போட்ட இரவில் முதல் தடவையாக நெஞ்சு வலித்துத் துடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துக் காம்பிரா அண்ணன் உதவ ஓடிவந்து, தன்னுடைய நாக்கு மாத்திரையை அவர் வாயில் வைக்கிறார். நல்ல மனசில் செய்ததே அவரைக் கொல்லலாம். சில்டெனாஃபில் எடுத்து 24 மணித்தியாலத்துக்குள், டடாலாஃபில் எடுத்து 48 மணித்தியாலத்துக்குள் எந்த நைட்ரேட்டும் கூடாது. அவரைப் படுக்கவைத்து, தலை சுற்றினால் காலை உயர்த்தி, 1990க்கு எடுத்து சுவசெரிய அம்புலன்ஸை வரவழைக்க வேண்டும். வந்தவர்களிடமும் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவிலும் முதல் வசனமாகச் சொல்ல வேண்டியது மாத்திரையின் பெயரும் எடுத்த நேரமும். நெஞ்சுவலிக்கு வேறு மருந்துகள் அங்கே உண்டு. ஆனால் தெரியாவிட்டால் முதலில் கை போவது நைட்ரேட்டுக்குத்தான். அந்த நேரத்தில் அவரால் பேச முடியாமல் இருக்கலாம். கூட வருகிற மனைவிக்குத் தெரிந்திருக்க வேண்டும். மனைவியிடம் மறைத்து எடுக்கிற மாத்திரை என்றால் அவசரப் பிரிவில் அதைச் சொல்ல ஆளில்லை.

பாமசித் தம்பிமாரிடம் நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. துண்டு இல்லாமல் வருகிறவரை டொக்டரிடம் அனுப்புங்கள். துண்டோடு வந்தாலும், கவுண்டரின் ஓரத்துக்குக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி ஒன்று கேளுங்கள்: “அண்ணே, நெஞ்சு வலிக்கு நாக்குக்குக் கீழ வைக்கிற குளுசை ஏதும் பாவிக்கிறீங்களா? கிளினிக் கொப்பி இருந்தா ஒருக்கா காட்டுங்க.” நிறையப் பேர் அந்தக் கேள்வியில் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பார்கள். அந்த மௌனத்துக்கு அவசரப்படுத்தாமல் இடம் கொடுங்கள். ஆம் என்றால் மாத்திரையைக் கொடுக்காதீர்கள். ஏன் என்று சொல்லுங்கள். இல்லை என்றால், கடைசியாக எப்போது சீனியும் பிரஷரும் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். பிறகு அந்தச் சின்னக் கடதாசி உறையை வெறுமையாகக் கொடுக்காதீர்கள். மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் தமிழில் எழுதுங்கள். கீழே இரண்டு வரி: ‘ஒரு நாளைக்கு ஒன்று மட்டும். நெஞ்சு வலித்தால் நாக்குக் குளுசை வேண்டாம், 1990க்கு எடுத்து இந்த உறையைக் காட்டவும்.’